புகையிலையைத் தொடாதவருக்கும் தொண்டையில் புற்றுநோய் வருமா?

வாய்ப் புற்றுநோய் பற்றியும் எச்.பி.வி. வைரஸ் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தலை மற்றும் கழுத்துப் புற்றுநோய் அறுவை சிகிச்சை மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். கேட்டவர்களின் ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. பீடி, சிகரெட், வெற்றிலை, புகையிலை எதையும் தொட்டதில்லை. மூன்று மாதமாகக் கழுத்தின் வலது பக்கம் நெறி கட்டியிருந்தது. வலி இல்லாததால், பல்லில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டோம். இப்போது வலது டான்சிலில் புற்றுநோய் என்கிறார்கள். சதைப் பரிசோதனை அறிக்கையில் ‘பி16 பாசிட்டிவ், எச்.பி.வி. தொடர்புடையது’ என்று இருக்கிறது. ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவருக்கு இது எப்படி வந்தது? பிழைத்துக்கொள்வாரா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். தொண்டைப் புற்றுநோய்களில் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவது இந்த வகை. நோய் முற்றிய நிலையில் வந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2010-ல் வெளியானது. எச்.பி.வி. தொடர்புடைய தொண்டைப் புற்றுநோய் இருந்தவர்களில் 100-க்கு 82 பேர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் தொடர்பு இல்லாதவர்களில் அந்த எண்ணிக்கை 57. இந்த வேறுபாட்டின் காரணமாகவே, எச்.பி.வி. தொடர்புடைய தொண்டைப் புற்றுநோயின் நிலைகளை வகுக்க இப்போது தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் நெறி கட்டிவிட்டதாலேயே கை மீறிப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இந்த வகையில் நோய் பெரும்பாலும் கழுத்துக் கட்டியாகத்தான் முதலில் வெளியே தெரியும்.

இனி, எப்படி வந்தது என்பது. ‘வாய்ப் புற்றுநோய்’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் முன்பகுதி, மேல் அண்ணத்தின் கெட்டியான பகுதி ஆகியவை வாய். டான்சில், நாக்கின் அடிப்பகுதி, உள்நாக்கைச் சுற்றியுள்ள மென்மையான அண்ணம், அதற்குப் பின்னால் தெரியும் சுவர் ஆகியவை தொண்டை. முன்னதில் வரும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் புகையிலையும் பாக்கும் மதுவுமே காரணம். பின்னதில், அதிலும் டான்சிலிலும் அடிநாக்கிலும், எச்.பி.வி. வைரஸும் ஒரு முக்கியக் காரணம். உலக அளவில் தொண்டைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இந்த வைரஸ் காரணம் என்றும், அமெரிக்காவில் அது 70 சதவீதம் வரை இருக்கும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். வாயின் முன்பகுதியில் வருவதில் அதன் பங்கு மிகச் சிறியது.

வைரஸ் ஏன் டான்சிலைத் தேடிப் போகிறது? டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பானது அல்ல. அதில் ஆழமான குழிகள் நிறைய உண்டு. அந்தக் குழிகளின் உட்சுவர் சல்லடைபோல மெல்லியது. கிருமிகளை உள்ளே இழுத்து, உடலின் எதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டுவதற்காக அமைந்த ஏற்பாடு அது. அதே வழியாக இந்த வைரஸும் அந்தச் சுவரின் அடித்தளச் செல்களுக்குள் நுழைந்துவிடுகிறது.

எச்.பி.வி. குடும்பத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையில், காலில் வரும் சாதாரண மருவுக்குக் காரணமும் இந்தக் குடும்பம்தான். புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை ஒரு டஜனை ஒட்டிய சில வகைகள் மட்டுமே. தொண்டையைப் பொறுத்தவரை முக்கியமான குற்றவாளி 16-ஆம் வகை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அதுதான் முதல் காரணம். 1983-ல் அந்த வகையைப் பிரித்தெடுத்துக் காட்டிய ஜெர்மனி விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வைரஸ் உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்தால், அறிக்கையில் உள்ள ‘பி16’ என்பதும் புரிந்துவிடும். நம் செல்லுக்குள் பி53 என்றொரு புரதம் காவலுக்கு இருக்கிறது. மரபணுவில் பழுது கண்டால் செல் பெருகாமல் நிறுத்தும். சரிசெய்ய முடியாத பழுது என்றால் அந்தச் செல்லையே அழிக்கும். ஆர்பி என்ற இன்னொரு புரதம், செல் கண்டபடி பிரிந்து பெருகாமல் பிடித்து வைத்திருக்கும். 16-ஆம் வகை வைரஸ் உண்டாக்கும் இ6 என்ற புரதம் பி53-ஐயும், இ7 என்ற புரதம் ஆர்பியையும் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. ஆர்பி போனதும், பெருக்கத்தைத் தடுக்கப் பார்க்கும் பி16 என்ற புரதம் செல்லுக்குள் அளவுக்கு மீறிச் சேர்கிறது. நோயியல் மருத்துவர் சாயம் போட்டுப் பார்த்தது அதைத்தான். வைரஸ் இல்லாமலும் சிலருக்குப் பி16 பாசிட்டிவ் வரும். அதனால் வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடும் பரிசோதனையும் செய்யப்பட்டதா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘நன்றாகக் குணமாகும் வகை’ என்று கேட்டதும் சிகிச்சையைக் குறைத்துக்கொள்ளலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கதிர்வீச்சுடன் வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பதிலாக, பக்கவிளைவு குறைவாக இருக்கும் என்று நம்பி வேறு மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2018-ல் வெளியானது. மருந்து மாற்றப்பட்டவர்களில் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ கீமோவோ, உங்கள் மருத்துவக் குழு திட்டமிட்டதை நடுவில் நிறுத்தாமல் முடியுங்கள். கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிடுங்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் இருக்கிறது. விழுங்குவதற்கான பயிற்சியையும் முதல் வாரத்திலிருந்தே கேட்டு வாங்கிச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: (அதே வாசகி) கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இந்த வைரஸ் உடலுறவு மூலம் வரும் என்று கணினியில் பார்த்து என் மகள் சொன்னாள். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. 27 வருடம் வாழ்ந்திருக்கிறோம். எனக்குத் துரோகம் செய்தாரா? எனக்கும் வந்திருக்குமா?

பதில்: கூச்சப்பட வேண்டாம் அம்மா. இந்த நோய் வந்த வீடுகளில் இந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே கிடந்து, இருவரையும் தனித்தனியே அரிக்கிறது. நீங்கள் கேட்டது நல்லது.

தொண்டைக்கு இந்த வைரஸ் முக்கியமாக வாய்வழி உறவின் மூலம் வருகிறது. ஆழமான முத்தத்தின் மூலமும் வரக்கூடும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் இந்த உண்மையிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு தவறானது.

எச்.பி.வி. உலகில் மிகப் பரவலான வைரஸ். தாம்பத்திய வாழ்க்கை தொடங்கிய பெரும்பாலான மனிதர்களை, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் ஒருமுறையாவது ஏதாவது ஒரு வகை எச்.பி.வி. தொற்றிப் போயிருக்கும். காய்ச்சல் இல்லை, புண் இல்லை, ஓர் அறிகுறியும் இல்லை. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். மிகச் சிலருக்கு மட்டும் அது போகாமல் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய வைரஸ் புற்றுநோயாக மாறப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகும். கடிதத்தின் மேல் விழும் தபால் முத்திரைபோல, ‘இந்த நாளில், இன்னாரிடமிருந்து வந்தது’ என்று காட்டும் குறி எதுவும் இந்த வைரஸில் கிடையாது. திருமணத்துக்கு முன்பு வந்ததா, பின்பு வந்ததா, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லக்கூடிய பரிசோதனை உலகில் எங்கும் இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு துணையோடு மட்டும் வாழ்ந்தவர்களுக்கும் இந்தத் தொற்று வந்திருக்கிறது. இந்த மருத்துவ அறிக்கை ஒருவருடைய நடத்தைக்குச் சாட்சி சொல்லாது. அதை வைத்து 27 வருட வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

உங்களைப் பற்றிய கேள்விக்கு: இப்படிப்பட்ட நோயாளிகளின் வாழ்க்கைத் துணைகளைப் பரிசோதித்துப் பார்த்த ஆய்வில், அவர்கள் வாயில் இந்த வைரஸ் பொதுமக்களிடம் இருக்கும் அளவுக்குத்தான் இருந்தது, கூடுதலாக இல்லை. உங்களுக்கும் அது எப்போதோ வந்திருந்தாலும், பெரும்பாலும் உங்கள் உடலே அதை விரட்டியிருக்கும். படுக்கையைப் பிரிக்க வேண்டியதில்லை, தட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. எல்லாப் பெண்களையும்போல நீங்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை மட்டும் தவறாமல் செய்துகொள்ளுங்கள். அடுத்த ஏழு வாரக் கதிர்வீச்சில் அவருக்கு விழுங்க முடியாது, ருசி தெரியாது, எடை குறையும். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுக்க நீங்கள் வேண்டும். மகளையும் கூப்பிட்டு வைத்து, மேலே உள்ள பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது. சாயப்பட்டறையில் வேலை. நைட் ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்கப் பொட்டலப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். இரண்டு மாதமாக அந்த இடத்தில் ஒரு புண் ஆறவில்லை. வாயைப் பெரிதாகத் திறக்கவும் கஷ்டமாக இருக்கிறது. வாய்ப் புற்றுநோய் வைரஸால் வருகிறது, தடுப்பூசி போட்டால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஊசி போட்டுக்கொண்டால் இது சரியாகிவிடுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஆகாது தம்பி. இந்த இதழ் கையில் கிடைத்த வாரத்திலேயே மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவோ, அரசுப் பல் மருத்துவமனையோ போதும். புற்றுநோய் என்றே தெரிந்தாலும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கான சிகிச்சைக்கு இடம் உண்டு. பணத்தை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

மேலே ஓர் அம்மாவுக்குச் சொன்ன வைரஸ் கதை உங்களுடையது அல்ல. கன்னத்தில், ஈறோரத்தில், புகையிலை அடக்கிவைக்கும் அதே குழியில் வரும் புண்ணுக்குப் புகையிலையும் பாக்கும்தான் காரணமாக இருக்கும். இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக வாய்ப் புற்றுநோய் வருகிறது. நம் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். இதில் பெரும்பங்கு வைரஸால் வந்ததல்ல. மேலைநாடுகளில் இன்று எச்.பி.வி. பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்றால், அங்கே புகைப்பது குறைந்து, வைரஸின் பங்கு மேலே தெரிவதே காரணம். அந்தப் பேச்சை அப்படியே இங்கே கொண்டுவந்து, ‘எல்லாம் வைரஸ்’ என்று சொல்லும் வீடியோ உங்களைப் போன்ற இளைஞர்களுக்குத் தீங்கு செய்கிறது.

வாய் திறக்கச் சிரமம் என்கிறீர்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே செங்குத்தாக வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால், பாக்கின் விளைவாகக் கன்னத்துச் சதைக்கு அடியில் நார் கட்டி இறுகிக்கொண்டிருக்கலாம். பொட்டலத்தில் வருவதில் புகையிலையோடு பாக்கும் கலந்திருக்கக்கூடும். இந்த இறுக்கம் பின்னாளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ள நிலை. துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டும் அப்படித்தான். வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு இன்னும் ஆபத்தானது.

நேரத்தில் பார்த்தால் உயிர் தப்பும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஓர் ஆய்வில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருடைய வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்தார்கள். கருவி, ஊசி எதுவும் கிடையாது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் முடிவு வெளியிட்டார்கள்.

தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் பெட்டிக்கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விட வேண்டும் என்று நினைத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். புகையிலையை விட ஆலோசனை தருவார்கள். தூக்கம்தான் பிரச்சினை என்றால், ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லி மேஸ்திரியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் புகையிலை சேர்ப்பதில்லை. சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு மட்டும். அது ஜீரணத்துக்கு நல்லதுதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: ஐயா, வெற்றிலையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, பாக்கைப் பற்றி இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையிலை கலக்காத வெற்றிலைப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. விசேஷத்துக்கு ஒருநாள் போடுவது வேறு, தினமும் மூன்று வேளை கடைவாயில் ஒதுக்குவது வேறு. வெற்றிலை இல்லாமல் இருக்க முடியாது என்றால் பாக்கை விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 14, மகனுக்கு 12. மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். மகனுக்கும் போடலாம் என்று குழந்தை மருத்துவர் சொன்னதும் என் மாமியார் சண்டைக்கே வந்துவிட்டார். ஆண் பிள்ளைக்கு எதற்கு அது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: சகோதரி, மாமியார் கேட்பதில் நியாயம் உண்டு. இந்த ஊசியை ‘கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஊசி’ என்றே ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். கர்ப்பப்பை இல்லாத பையனுக்கு எதற்கு என்று அவர் கேட்கத்தானே செய்வார்? இது எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான ஊசி என்று சொல்லிப் பாருங்கள். அதே 16-ஆம் வகைதான் ஆண்களின் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது. எச்.பி.வி.யால் வரும் தொண்டைப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். அமெரிக்காவில் இன்று இதன் எண்ணிக்கை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயையே தாண்டிவிட்டது.

மகளுக்கு முதலில் போடுங்கள். நம் நாட்டில் பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பும் 9 முதல் 14 வயதுப் பெண்களுக்கே முன்னுரிமை தருகிறது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக இந்தத் தடுப்பூசி போடப்படும் என்று தமிழக அரசின் 2025 பட்ஜெட்டிலும் அறிவிப்பு வந்தது. பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரியுங்கள்.

மகனுக்கும் போட முடிந்தால் போடுங்கள். புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் ‘செர்வாவேக்’ 2023-ல் விற்பனைக்கு வந்தது. 9 முதல் 26 வயது வரை இருபாலருக்கும் அனுமதி பெற்றது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளிலிருந்து காக்கும். 15 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, அதற்கு மேல் மூன்று தவணை. ஆஸ்திரேலியாவில் 2013 முதலும், பிரிட்டனில் 2019 முதலும் பையன்களுக்கும் பள்ளியிலேயே போடுகிறார்கள்.

இது தொண்டையைக் காக்கும் என்பதற்கு என்ன சான்று? கோஸ்டாரிகாவில் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வில், ஊசி போட்டு நான்கு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, வாயில் 16, 18 வகைத் தொற்று 93 சதவீதம் குறைவாக இருந்தது. தொற்று இல்லாமல் அது உண்டாக்கும் புற்றுநோய் இல்லை. புற்றுநோயே எவ்வளவு குறைகிறது என்று கண்ணால் பார்க்க, இன்று ஊசி போட்ட பையன்கள் ஐம்பது வயதைத் தொட வேண்டும். அதுவரை காத்திருந்து முடிவெடுக்கும் வசதி நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. அதன் வெளிக்கூடு போன்ற புரதம் மட்டுமே. கை வலிக்கும், சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும். போட்டபின் 15 நிமிடம் உட்கார வைத்துக் கூட்டிவாருங்கள். பிற்காலத்தில் குழந்தைப் பேற்றைப் பாதிக்கும் என்பது வெறும் வதந்தி.

கேள்வி: கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் எனக்கு எச்.பி.வி. பாசிட்டிவ் வந்திருக்கிறது. பேரனுக்கு என் டம்ளரிலேயே பால் கொடுப்பேன். அவனுக்குத் தொற்றிவிடுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: டம்ளர், தட்டு, துண்டு, ஒன்றாகச் சாப்பிடுவது, மடியில் வைத்துக் கொஞ்சுவது ஆகியவற்றால் இந்தத் தொற்று உங்கள் பேரனுக்கு வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருள் அல்ல. கர்ப்பப்பை வாயை லென்ஸ் வைத்துப் பார்க்கும் அடுத்த பரிசோதனைக்கு மகப்பேறு மருத்துவர் சொன்ன தேதியில் போய்விடுங்கள். பேரனோடு பால் குடிப்பதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: தொண்டையில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று முன்கூட்டியே பரிசோதிக்க முடியுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எச்சிலிலோ வாய் கொப்பளித்த நீரிலோ வைரஸைத் தேடும் பரிசோதனைகள் உண்டு. ஆனால் நலமாக இருப்பவருக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. பாசிட்டிவ் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வராது. தேவையில்லாத பயம்தான் மிஞ்சும். காசைக் கொடுத்துக் கவலையை வாங்க வேண்டாம்.

அதற்குப் பதில் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, செல்போன் வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். உதட்டை மடக்கி, இரு கன்னங்களையும் விரலால் இழுத்து, ஈறோரம் முழுவதும் பாருங்கள். நாக்கை நீட்டி, துணியால் பிடித்து, இடது ஓரம், வலது ஓரம், பிறகு நாக்கை மேலே தூக்கி அடிப்புறம். ‘ஆ’ என்று சொல்லி இரண்டு டான்சில்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, காதுக்குக் கீழிருந்து காறை எலும்பு வரை கழுத்தின் இரண்டு பக்கங்களையும் விரல்களால் தடவுங்கள்.

வாயில் புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு பக்க டான்சில் மட்டும் வீங்கியிருப்பது, விழுங்கும்போது ஒரே பக்கம் வலிப்பது, காதில் கோளாறு இல்லாமல் ஒரு காது மட்டும் வலிப்பது, குரல் மாறுவது, கழுத்தில் கட்டி ஆகியவற்றுக்கும் அதே இரண்டு வாரக் கணக்குதான். கழுத்துக் கட்டி வலிக்கவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். கும்பகோணத்து அம்மா அந்த நிம்மதியில்தான் மூன்று மாதத்தை இழந்தார்.